மூத்தவளை ஊருக்கு அனுப்பலாமா? நானும் ஆச்சி வீட்டுல வளர்ந்தவதான்

பொதிகைச்சாரல்:
வணக்கம் தோழிகளே. இவ்வளவு நாளும் படிக்கிறதோட சரி, எழுதுறது இப்பதான். ஒரு முடிவு எடுக்கணும், வீட்டுல ஒத்துப்போகல.

மூத்தவளுக்கு மூணரை வயசு, சின்னவனுக்கு அஞ்சு மாசம். எனக்கு சோழிங்கநல்லூர்ல வேலை. 26 வார லீவு முடியப்போகுது. அவருக்கு ஷிஃப்ட். என் அம்மா திருநெல்வேலியில இருக்காங்க, அரசுப் பள்ளி ஆசிரியையா இருந்து ரிட்டயர் ஆனவங்க. "மூத்தவள எங்கிட்ட விட்டுட்டுப் போ, ஒரு வருஷம் நான் பாத்துக்கிடுதேன், எல்கேஜி இங்கயே சேத்துருவோம்"னு சொல்றாங்க. எனக்கு நல்ல ஏற்பாடாத் தெரியுது. அவர்தான் முடியவே முடியாதுன்னு நிக்கிறார்.

நானே அப்படி வளர்ந்தவதான். அம்மாவுக்குக் கமுதிப் பக்கம் போஸ்டிங், அப்பாவுக்குத் தூத்துக்குடியில வேலை. ஏழு வயசு வரைக்கும் அம்பாசமுத்திரம் பக்கத்துல ஆச்சி வீட்டுல இருந்தேன். லீவுக்கு லீவு வந்து பார்த்துட்டுப் போவாங்க. எனக்கு ஒரு குறையும் இல்ல. அருமையான சின்ன வயசு. அப்புறம் பாளையங்கோட்டையில அம்மா அப்பாவோட வந்து சேர்ந்தேன், படிச்சேன், வேலைக்கு வந்தேன். எந்தப் பிரச்சினையும் இல்ல.

"நீ அப்படி வளர்ந்ததாலதான் உனக்கு இது சாதாரணமாப் படுது"ங்கிறார் அவர். எனக்குக் கோபமா வருது. ஒரு அம்மா வளர்ந்த விதம் அவ பிள்ளை வளர்க்கிற விதத்துல அவ்வளவு தூரம் வருமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கொங்குமகள்:
ஏனுங்க, இதுல யோசிக்க என்னங்க இருக்குது? நானும் அமுச்சி (அம்மாவப் பெத்தவங்க) வூட்டுல வளந்தவதானுங்க. காங்கேயம் பக்கம் தோட்டத்து வூடு. எங்கம்மா மில்லு வேலைக்குப் போயிருச்சு, தம்பி கைக்கொழந்தை. அமுச்சிதான் எனக்கு எல்லாமே. இன்னைக்கும் என்ர பையனுக்குக் காய்ச்சல்னா நான் பதறமாட்டனுங்க. அமுச்சி மடியில போட்டு முதுகு தேச்சுவுட்டது தானா கைக்கு வந்துருது. எங்கம்மா எப்பவாச்சும் அப்படிச் செஞ்சுதான்னு கேட்டா ஞாபகமே இல்லைங்க. ஆனா அதுக்காக எனக்கு என்ன கெட்டுப்போச்சு? தாராளமா அனுப்புங்க.

இரவுப்பணி_அப்பா:
உங்க வீட்டுக்காரர் பக்கம் ஒரு ஓட்டு. ஒரு வருஷம்னு சொல்லுவாங்க, அது யூகேஜி, ஒண்ணாங்கிளாஸ்னு போயிட்டே இருக்கும். எங்க சித்தி பையன் அப்படித்தான் பத்தாவது வரைக்கும் தாத்தா வீட்டுல இருந்தான். இன்னைக்கு அவன் தன் அம்மாகிட்ட போன்ல பேசுறதைக் கேட்டா பேங்க் மேனேஜர்கிட்ட பேசுற மாதிரி இருக்கும்.

அம்மா வேலைக்குப் போறதால வந்த வினைன்னு யாராவது கிளம்பினா, அதுக்கு நான் வரல. அப்பாவும்தான் வேலைக்குப் போறான்.

செவிலியர்_ஓய்வு:
தங்கச்சி, நான் சிவகங்கை மாவட்டத்துல கிராமச் சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவ. அனுப்பலாமா வேணாமான்னு உடனே சொல்லத் தெரியல. ரெண்டு மூணு கேள்வி கேட்கிறேன், பிடிக்கலைன்னா பதில் சொல்ல வேண்டாம்.

ஒருத்தி எப்படி வளர்ந்தாங்கிறதை அவ தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கையில பார்க்கணும். வளைகாப்பு முடிச்சு வந்து, பிள்ளை பெத்து, மூணு மாசமாவது இருப்பா. காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குளிப்பாட்டுறது, சாம்பிராணி போடுறது, தூளி கட்டுறது, உரை மருந்து உரசுறதுன்னு அத்தனையும் அவ அம்மா செய்ய, இவ பக்கத்துல படுத்துக்கிட்டுப் பார்ப்பா. (ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வாயில ஊத்தாதீங்கன்னு நான் வீடு வீடாச் சண்டை போட்டது வேற கதை.) நம்மளையும் இப்படித்தான் வளர்த்திருப்பாங்கன்னு ஒரு பொண்ணு கண்ணால பார்க்கக் கிடைக்கிற சமயம் அது ஒண்ணுதான். உங்களுக்கு அதெல்லாம் யார் செஞ்சாங்க?

அடுத்தது. "அருமையான சின்ன வயசு"ன்னு எழுதியிருக்கீங்க. அப்படி ஒரு நாளைச் சொல்லுங்களேன். கீழே விழுந்து அடிபட்டா யாரைத் தேடிப் போவீங்க?

பொதிகைச்சாரல்:
அக்கா, ரெண்டு பிரசவத்துக்கும் அம்மா வீடுதான். ஆனா குளிப்பாட்ட ஆள் வெச்சிருந்தோம். அம்மா "எனக்குப் பச்சப்பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாது, ஒங்க ஆச்சிதான் எல்லாம் செஞ்சா"ன்னுட்டாங்க. அப்ப அது ஒரு விஷயமாத் தெரியல.

அருமையான நாள்னா… ஆத்துல குளிப்போம். வீட்டுல எப்பவும் சாப்பாடு இருக்கும். தாத்தா சைக்கிள்ல கல்லிடைக்குறிச்சி கூட்டிட்டுப் போவாங்க. தனியா ஒரு நாள்னு பிரிச்சு ஞாபகம் வரல. விழுந்தா யார்ட்ட போனேன்னும் தெரியல. நான் அழமாட்டேனாம். ஆச்சி பெருமையாச் சொல்லுவாங்க: "அவ அம்ம பஸ் ஏறையில திரும்பிக்கூடப் பாக்கமாட்டா, அவ்ளோ சமத்து."

என் மகளும் அப்படித்தான். ப்ளே ஸ்கூல்ல விட்ட புதுசுல அழுதா. நான் கண்டுக்காம வந்துடுவேன். சீக்கிரமே நிறுத்திட்டா. மிஸ்கூட என்னைப் பாராட்டினாங்க. அவர்தான் தினமும் "பாவம்டி"ன்னு ஆரம்பிப்பார். பிள்ளைக்குத் தைரியம் வர வேண்டாமா?

கேள்விக்குறி:
எனக்கு இந்த மாதிரி இழைகளில் பிடிக்காததே இதுதான். ஒரு பெண் வந்து, லீவு முடியப்போகுது, மூத்தவளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கிறார். நாம் உடனே அவர் சின்ன வயசைத் தோண்ட ஆரம்பிக்கிறோம். அழாத குழந்தை என்றால் சமத்து என்பதைத் தவிர வேறு அர்த்தமே இருக்கக் கூடாதா?

அம்மா ஒருத்திதான் வளர்க்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கமே இல்லை. அத்தை இடுப்பில், சித்தி தோளில், ஆச்சி மடியில் என்று வளர்ந்தவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். அப்பா அம்மா ரெண்டு பேரும் ஆபீஸ் போய், மூடிய ஃபிளாட்டில் பிள்ளை வளர்க்கிற ஊரில் எழுதிய மனோதத்துவத்தை அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுவந்து அளக்காதீர்கள்.

செவிலியர்_ஓய்வு:
கேள்விக்குறி, பாதி சரி. பலபேர் மடியில வளர்றது நல்லதுதான், அதை நான் மறுக்கல. மேரி எய்ன்ஸ்வொர்த்னு ஒருத்தங்க, தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள பிணைப்பை வீடு வீடாப் போய்ப் பார்த்து எழுதினவங்க, அந்த வேலையை முதல்ல ஆரம்பிச்சது உகாண்டா கிராமங்கள்ல, 1954-55ல. அங்கயும் பெரியம்மா, பாட்டின்னு பல கைதான். அதனால ஃபிளாட் மனோதத்துவம்னு ஒரேயடியாத் தள்ளிட முடியாது.

நான் சொல்ல வந்தது வேற. லண்டன்ல ஜேம்ஸ் ராபர்ட்சன்னு ஒருத்தர் 1952-ல ஆஸ்பத்திரியில சேர்த்த ரெண்டு வயசுப் பிள்ளையைப் படம் பிடிச்சார். சின்ன ஆபரேஷன், எட்டே நாள். அந்தக் காலத்துல அங்க அம்மா கூடத் தங்க விடமாட்டாங்க. அந்தப் பிள்ளை பெருசாக் கத்தி அழல. அடக்கிக்கிட்டே இருக்கும், அம்மா வரும்போது முகத்தைத் திருப்பிக்கும். நர்ஸுங்க எல்லாம் "நல்லாப் பழகிட்டா"ன்னு நினைச்சாங்க. அப்படி இல்லைன்னு ராபர்ட்சன் சொன்னப்ப டாக்டர்களுக்கே கோபம் வந்துச்சு. முதல்ல அழுது பார்க்கும், அப்புறம் துவண்டுபோகும், அப்புறம் எதிர்பார்க்கிறதையே விட்டுடும்னு மூணு படியா அவர் பிரிச்சார். மூணாவது படி வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்குச் சமத்தாத்தான் தெரியும். 1959-ல இங்கிலாந்து அரசாங்கக் கமிட்டியே தாயைப் பிள்ளையோட இருக்க விடணும்னு சொல்லிடுச்சு. நம்ம ஊர் ஆஸ்பத்திரியில பிள்ளையோட அம்மா இருக்கிறதை யாரும் கேள்வி கேட்டதில்லை, அது நம்ம கொடுப்பினை.

பொதிகைச்சாரல் அந்த மூணாவது படியில இருந்தாங்கன்னு நான் சொல்லல, எனக்கு அது தெரியாது. திரும்பிப் பார்க்காத பிள்ளையைப் பார்த்து ஆச்சி பெருமைப்பட்டாங்க. இப்ப இவங்க மக அழுகையை நிறுத்தினதுக்கு இவங்களும் பெருமைப்படுறாங்க. எனக்கு அங்கதான் உறுத்துச்சு.

ரொறன்ரோவில்_ஒருத்தி:
நானும் ஒன்பது வயசுமட்டும் யாழ்ப்பாணத்தில அம்மம்மாவோட. அம்மா இஞ்ச அகதியா வந்து, ஸ்பொன்சர் சரிவர அவ்வளவு காலம். எனக்கும் ஒண்டும் நடக்கேல்லை எண்டுதான் நானும் எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சனான். என்ர மூத்தவன் ஒன்பது வயசைத் தொட்ட வருசம் எனக்கு நித்திரையே வரேல்லை. ஏனெண்டு டொக்டருக்கும் விளங்கேல்லை.

மலைநாட்டாள்:
இலங்கையில ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருந்து எழுதுறேன். எங்கம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனப்ப எனக்கு மூணு வயசு. பாட்டிதான் வளர்த்தாங்க. அம்மா முதல் தடவை லீவுல வந்தப்ப கட்டுநாயக்கா ஏர்போர்ட்ல நான் பாட்டி சேலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். அம்மா கொண்டுவந்த பொம்மையை வாங்கிக்கிட்டேன், அம்மாகிட்ட போகல. அப்புறம் பழக்கம் வந்துச்சு, அம்மா திரும்பப் போனாங்க, மறுபடி மொதல்ல இருந்து.

இப்ப எனக்கு ஒரு மகன். பொதிகைச்சாரல் அக்காவுக்கு நேர் எதிர் நான். அவனை முன்பள்ளியில விட்டுட்டு வெளிய மரத்தடியிலயே உட்கார்ந்திருப்பேன். டீச்சர் "நீங்க போனாத்தான் பிள்ளை நிப்பான்"னு சொல்லியும் போகமாட்டேன். அவன் அழல. நான்தான் அழுவேன். இவனும் என்னை விட்டு எங்கயும் போகமாட்டேங்கிறான், சொந்தக்காரங்க வீட்டுல ஒரு ராத்திரி தங்கமாட்டான். ஒரே மாதிரி வளர்ந்த ரெண்டு பேர் ரெண்டு கோடியில நிக்கிறோம் பாருங்க.

இன்னொண்ணு. 2013-ல இலங்கையில ஒரு விதி கொண்டுவந்தாங்க. குடும்பப் பின்னணி அறிக்கை குடுக்கணும், அஞ்சு வயசுக்குக் கீழ பிள்ளை இருக்கிற தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகக் கூடாதுன்னு இருந்துச்சு. கேட்க நல்லாத்தான் இருந்துச்சு. அப்பன்மாருக்கு அந்த அறிக்கை கிடையாது. தோட்டத்துச் சம்பளத்துல அடுப்பு எரியுமான்னு யாரும் அறிக்கை கேட்கல. எங்கம்மா மேல எனக்குக் கோபம் இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாது. ஆனா "போயிருக்கக் கூடாது"ன்னு வெளிய இருந்து ஒருத்தர் சொன்னா சண்டைக்குப் போவேன்.

கேள்விக்குறி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஒரே காரணம் இரண்டு நேர்மாறான விளைவைத் தருகிறது என்றால், "வளர்ந்த விதம்தான் காரணம்" என்ற பேச்சுக்கு என்ன மதிப்பு? பாசம் காட்டாவிட்டாலும் அதனால்தான், அளவுக்கு மீறிக் காட்டினாலும் அதனால்தான். எது நடந்தாலும் பொருந்துகிற ஜோசியம் மாதிரி இருக்கிறதே!

செவிலியர்_ஓய்வு:
நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் தேடினவங்க உண்டு. கலிஃபோர்னியாவுல மேரி மெய்ன்னு ஒருத்தங்களும் அவங்ககூட வேலை பார்த்தவங்களும் 1980-கள்ல ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினாங்க. பெத்தவங்களைப் பத்தி அஞ்சு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்பாங்க. "அன்பானவங்க"ன்னு சொன்னா, அப்படி ஒரு சம்பவம் சொல்லுங்கன்னு அடுத்து கேட்பாங்க. சின்ன வயசு நல்லா இருந்துச்சா மோசமாங்கிறதை வெச்சு மதிப்பெண் கிடையாது. சொல்ற கதை ஒண்ணோட ஒண்ணு ஒட்டுதாங்கிறதைத்தான் பார்ப்பாங்க. சிலர் "எல்லாம் அருமை"ம்பாங்க, ஒரு சம்பவம் வராது. சிலர் நேத்து நடந்த மாதிரி இன்னும் சண்டை போட்டுட்டு இருப்பாங்க. சிலர் பட்ட கஷ்டத்தைக் கூட்டாமக் குறைக்காமச் சொல்லிட்டு, "அவங்க நிலைமை அப்படி"ன்னு முடிப்பாங்க.

லண்டன்ல ஃபோனகி, ஸ்டீல் தம்பதின்னு மூணு ஆராய்ச்சியாளருங்க தலைச்சன் பிள்ளை வயித்துல இருக்கிற சுமார் நூறு பேர்கிட்ட இதைக் கேட்டு வெச்சுக்கிட்டு, பிள்ளைக்கு ஒரு வயசானதும் போய்ப் பார்த்தாங்க. பிள்ளை அம்மாகிட்ட எப்படி ஒட்டும்னு அந்தப் பேச்சை மட்டும் வெச்சு முக்கால்வாசிப் பேருக்குச் சரியாச் சொல்லிட்டாங்க. 1991-ல வந்த ஆய்வு. பின்னால நிறைய ஆய்வுகளைச் சேர்த்து 2016-ல பார்த்தப்ப தொடர்பு இருந்துச்சு, ஆனா முதல்ல நினைச்ச அளவு பலமா இல்ல. அதையும் சொல்லிடணும். ஜோசியக்காரன்னா குறைச்சுச் சொல்லமாட்டான்.

அதனால மலைநாட்டாளும் பொதிகைச்சாரலும் ஒரே மாதிரி வளர்ந்தாலும் ரெண்டு விதமா நிக்கிறது எனக்கு ஆச்சரியமா இல்ல. ஒருத்தி கதையை மூடி வெச்சிருக்கா, ஒருத்திக்கு அது இன்னும் ஆறல.

சுண்ணக்கட்டி:
ஆசிரியை என்ற முறையில் ஒன்று மட்டும். இங்கே எல்லாரும் பொதிகைச்சாரலின் அம்மாவை மெல்லக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். அவர் பிள்ளை பெற்ற காலத்தில் தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 90 நாள். 2011-ல்தான் ஆறு மாதம் ஆனது, 2016-ல் ஒன்பது, 2021-ல் பன்னிரண்டு. 90 நாளில் கைக்குழந்தையோடு, புருஷன் வேறு மாவட்டத்தில், நாமே வேறு மாவட்டத்தில், தெரியாத ஊரில் வாடகை வீடு எடுத்து என்ன செய்வது? மாறுதல் கேட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த டீச்சர்கள் எத்தனை பேர் தெரியுமா? எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேருடைய மூத்த பிள்ளை ஊரில்தான் வளர்ந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

திருச்சி_பாட்டி:
எல்லாரும் அம்மாவையும் பிள்ளையையுமே பேசுறீங்க. வளர்த்துக் குடுத்தவ ஒருத்தி இருக்காளே, அவ பக்கம் யாரும் கேட்கல. என் பேத்திதான் இதை டைப் பண்றா, தப்பு இருந்தா அவதான் பொறுப்பு.

என் மூத்த பேரனை நான் வளர்த்தேன். மக துபாய்ல இருந்தா. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் அவன் என்னைத்தான் அம்மான்னான், அவளைப் போன்ல அக்கான்னான். நாங்களும் சிரிச்சோம். அஞ்சு வயசுல கூட்டிட்டுப் போனா. நல்லதுக்குத்தான், நானே பெட்டி கட்டிக் குடுத்தேன். அவன் ஏர்போர்ட்டுல என் சேலையை விடல. பிரிச்சு எடுத்தாங்க. அப்புறம் மூணு மாசம் அங்க போய் யாருட்டயும் பேசலையாம், ராத்திரி படுக்கையை நனைச்சிருக்கான். மக எங்கிட்ட சொல்லல, நான் மனசு கஷ்டப்படுவேன்னு. மருமகன்தான் சொன்னார்.

அம்மாடி பொதிகை, நீ ஆறு மாசத்துலயோ ஒரு வயசுலயோ அம்மாவை விட்டுப் பிரிஞ்சதைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க. ஏழு வயசுல ஆச்சியை விட்டு வந்தியே, அதை நீ ஒரே வரியில எழுதிட்ட. "வந்து சேர்ந்தேன்"னு. அன்னைக்கு உங்க ஆச்சி என்ன பண்ணா? பிள்ளைக்கு ரெண்டு தடவை தாய் போகுது, அதுல ரெண்டாவது தடவையை யாரும் கணக்குல வெக்கிறதில்ல. உன் மக மூணரை வயசுல போய், உங்கம்மாட்ட ஒட்டிக்கிட்டு, நாலரையில திரும்ப வரணும். சின்னவன் அதுக்குள்ள உன் இடுப்புல ஏறி உட்கார்ந்திருப்பான். அவ இடத்துல இருந்து யோசி.

கொங்குமகள்:
பாட்டி, உங்க பதிவைப் படிச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டனுங்க. ஒரு விசயம் நான் சொல்லாம வுட்டுட்டன். அமுச்சி வூடும் எங்க வூடும் ஒரே ஊருங்க. அம்மா சாயங்காலம் மில்லு வுட்டதும் நேரா அங்கதான் வரும், எனக்குத் தலை சீவி வுட்டுட்டுத்தான் தம்பியத் தூக்கிட்டுப் போகும். அதனால என்ர கதையும் சென்னை-திருநெல்வேலி கதையும் ஒண்ணில்லைங்க. ஆனா அமுச்சிகிட்ட வளந்ததால எனக்கு வந்தது நல்லதுதான்ங்கிறதுல மாத்தமில்ல.

செவிலியர்_ஓய்வு:
அதுல எனக்கும் மாத்தமில்ல கொங்குமகள். வளர்ந்த விதம்னா எல்லாரும் கெட்டதையே தேடுறாங்க. ஒருத்தர் தூக்கி வெச்சுக்கிட்ட ஞாபகம் இருந்தாலே அது அடுத்த தலைமுறைக்குப் போகும், மத்த கஷ்டத்தையெல்லாம் ஓரளவு தடுத்தும் நிக்கும். ஆச்சி வளர்ப்பு பொதிகைக்கும் நிறையக் குடுத்திருக்கும்.

பொதிகை, கடைசியா ஒண்ணு. அமெரிக்காவுல மிச்சிகன்ல செல்மா ஃப்ரைபர்க்னு ஒருத்தங்க. 1975-ல எழுதினாங்க. ஒரு இளம் தாய், மடியில பிள்ளை கதறிக்கிட்டு இருக்கு, அவ எங்கயோ பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. காது நல்லாத்தான் கேட்குது. "பிள்ளையைத் தூக்கு"ன்னு யாரும் அவளுக்குப் பாடம் எடுக்கல. அவ சின்ன வயசுல என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்க. அவ தன் கதையைச் சொல்லி, பல வருஷம் அழாததை அழுத பிறகு, யாரும் சொல்லாமலே பிள்ளையை எடுத்து அணைச்சுக்கிட்டா. உங்க நிலைமை அவ்வளவு மோசம்னு சொல்லல. ப்ளே ஸ்கூல் வாசல்னு நீங்க எழுதினதும் எனக்கு அவ ஞாபகம்தான் வந்துச்சு.

மட்டுறுத்துனர்:
இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. வேலைக்குப் போகும் தாய்மார்களைப் பழிக்கும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. உரையாடலைத் தொடரலாம்.

பொதிகைச்சாரல்:
பதில் போடலைன்னு தப்பா நினைக்காதீங்க. முதல்ல படிச்சப்ப எரிச்சல்தான் வந்துச்சு. பாட்டி கேட்ட கேள்வி மட்டும் விடல. ஆச்சி இப்ப உயிரோட இல்ல, அதனால அம்மாகிட்டதான் கேட்டேன், போன்ல. "நான் ஒங்ககிட்ட வந்தப்ப எப்படிம்மா இருந்தேன்?"

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க, "நீ எது சாப்பிடணும்னாலும் 'எடுத்துக்கிடட்டுமா'ன்னு கேட்டுட்டுத்தான் எடுப்ப. தண்ணி குடிக்கக்கூட. விருந்துக்கு வந்த பிள்ள மாதிரி. அக்கம்பக்கத்துல எல்லாம் எவ்வளவு மரியாதையா வளத்திருக்கீங்கம்பாங்க. எனக்கு அதக் கேட்டா நெஞ்ச அடைக்கும்."

அப்புறம் நான் கேட்காமலே அவங்களே பேசினாங்க. 90 நாள் முடிஞ்சு என்னை ஆச்சிகிட்ட விட்டுட்டுக் கமுதிக்குப் போனப்ப பால் கட்டிக்கிட்டு காய்ச்சல் வந்திருக்கு. இடைவேளையில பள்ளிக்கூடத்துக்குப் பின்னால போய்ப் பீய்ச்சி விட்டுட்டு வந்து பாடம் எடுத்திருக்காங்க. லீவுக்கு வந்துட்டுத் திரும்பும்போது நான் திரும்பிப் பார்க்காததுனால, "சரி, பிள்ளைக்கு நம்மளத் தேடல, நல்லதுதான்"னு மனசைத் தேத்திக்கிட்டாங்களாம். சுண்ணக்கட்டி டீச்சர் சொன்ன எல்லாம் அப்படியே.

"அப்புறம் ஏம்மா இவளை அனுப்பச் சொல்றீங்க?"ன்னேன். "ஒன்னத்தான் வளக்கக் குடுத்து வைக்கல"ன்னாங்க.

நான் அழல. மலைநாட்டாள் மாதிரியோ, செவிலியர் அக்கா சொன்ன அந்த அம்மா மாதிரியோ எதுவும் நடக்கல. ஆனா மறுநாள் ப்ளே ஸ்கூல் வாசல்ல கொஞ்சம் நின்னேன். அவ உள்ள போயிட்டுத் திரும்பிப் பார்த்தா. இத்தனை நாள் பார்த்துட்டு இருந்தாளா, இல்ல அன்னைக்குத்தானான்னு எனக்குத் தெரியாது, நான்தான் நின்னதே இல்லையே.

அனுப்புறது தப்புன்னு இன்னும் எனக்கு முழுசா ஒத்துக்க முடியல. அம்மாவுக்கு அவ வேணும். எனக்கு வேலை வேணும். அப்பாவுக்குத் திருநெல்வேலியை விட்டு வர மனசில்ல, வீடு, தென்னை, வாக்கிங் கோஷ்டி எல்லாம் அங்க.

கேள்விக்குறி:
உங்கள் அம்மா சொன்னதைப் படித்த பிறகு நான் வாதம் செய்யவில்லை. கடைசியில் லாஜிஸ்டிக்ஸுக்கு வந்ததால் ஒன்று சொல்கிறேன். மகப்பேறு பயன்கள் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். பல இடங்களில் கேட்டால்தான் தருவார்கள். முதலில் எச்.ஆர்.-இடம் எழுத்தில் கேளுங்கள். அப்படியானால் சின்னவன் உங்களோடு, மூத்தவளுக்கு மட்டும்தான் மாலை நேரத்துக்கு ஆள் வேண்டும்.

இன்னொரு சந்தேகம். இவ்வளவு நேரம் உங்கள் சின்ன வயசைத்தான் எல்லாரும் பேசினோம். உங்கள் வீட்டுக்காரர் எங்கே வளர்ந்தார்? அவர் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார்?

செவிலியர்_ஓய்வு:
நல்ல கேள்வி. நியூசிலாந்துல டனிடன்ங்கிற ஊர்ல பிறந்த பிள்ளைகளைப் பல வருஷமாப் பின்தொடர்ந்து ஆராய்றாங்க. அவங்க பெரியவங்களாகி அவங்களுக்குப் பிள்ளை பிறந்ததும் அதையும் பார்த்தாங்க. அம்மாக்கள் விஷயத்துல வளர்ந்த விதம் அவங்க வளர்க்கிற விதத்துல தெரிஞ்சுது, அப்பாக்கள்கிட்ட அந்தத் தொடர்பு கிடைக்கல. 2005-ல வந்த முடிவு. இல்லைன்னு அர்த்தமா, அந்த முறையில அளந்து பிடிக்க முடியலைன்னு அர்த்தமான்னு யோசிக்கணும்.

ஒருவேளை அனுப்பத்தான் வேணும்னு வந்தா, கண்ணை மறைச்சுட்டு மட்டும் போகாதீங்க. "அங்க பாரு காக்கா"ன்னு காட்டிட்டு அம்மா பஸ் ஏறுறது நம்ம ஊர்ல எல்லாரும் செய்யுறது. அழுதாலும் பரவாயில்ல, போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க, என்னைக்கு வருவேன்னு சொல்லுங்க, சொன்ன நாளுக்கு வாங்க. திரும்பிக் கூட்டிட்டு வரும்போது ஆச்சியையும் கூடவே கொண்டுவந்து கொஞ்ச நாள் வெச்சுக்கோங்க. திருச்சி அம்மா சொன்ன ரெண்டாவது பிரிவுக்கு அதுதான் மருந்து.

திருச்சி_பாட்டி:
அந்த அப்பாவைத் திருநெல்வேலியில இருந்து கிளப்புற வேலையை எங்கிட்ட விடு. தென்னைக்குத் தண்ணி விட ஆள் கிடைக்கும், பேத்தி மூணரை வயசுல ஒரு தடவைதான் இருப்பான்னு சொல்லு.

பொதிகைச்சாரல்:
பாட்டி சொன்னதை அப்படியே அப்பாகிட்ட சொன்னேன். "யாரு அந்தப் பாட்டி?"ன்னார். அம்மா முதல்ல வர்றாங்க, நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சு. அப்பா பின்னால வருவாராம், ஏசி ஆகாது, ஹால்லதான் படுப்பாராம், இப்பவே கண்டிஷன். எவ்வளவு நாள் தாங்கும்னு தெரியாது. எச்.ஆர்.-க்கு மெயில் போட்டுட்டேன்.

கேள்விக்குறி, அவர்கிட்ட கேட்டேன். ஆறாங்கிளாஸ்ல இருந்தே ஹாஸ்டல். அது எனக்குத் தெரியும்தான், ஆனா இதுவரைக்கும் ஹாஸ்டல்னா கிரிக்கெட்டும் சுவர் ஏறிக் குதிச்ச கதையும்தான் சொல்லுவார். இந்தத் தடவை, "ஞாயித்துக்கிழமை விசிட்டர்ஸ் வர்ற நேரத்துல நான் பாத்ரூம்ல போய் உட்கார்ந்துக்குவேன்"னார். அதுக்கு மேல பேசல, நானும் கேட்கல. அது தனி இழையாப் போடுற அளவுக்குப் பெருசு, அவரே போட்டாத்தான் உண்டு.

சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி பக்கம் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வெச்சுக்கிற நல்ல இடம் தெரிஞ்சா சொல்லுங்க. உள்ள போய்ப் பிள்ளை சமாதானம் ஆகுற வரைக்கும் பெத்தவங்களை உட்கார விடுற இடமா இருந்தா நல்லது.